ஒரு மேசையும் பியர் ஜன்னரேயும்

எங்கள் வாசிகசாலையில் ஒரு மேசை உண்டு. திருகோணமலைத் துறைமுகத்தை அடுத்த சிறு தெருவொன்றிலே, ஓடு வேய்ந்த தாழ்வாரமும் இரண்டு அறைகளும் கொண்ட பழைய கட்டடம் எங்கள் வாசிகசாலை. காலையில் பத்திரிகை பார்க்க வரும் முதியோரும், மாலையில் பாடம் படிக்க வரும் மாணவரும் அம்மேசையைச் சுற்றியே அமர்வர். அதன் கால்கள் நேராக நிற்பவை அல்ல. மேலே நெருங்கிக் கீழே அகன்று, அடியெடுத்து வைக்கும் மனிதனின் கால்களைப் போலச் சாய்ந்து நிற்பவை. வலப்புறத்தே மூன்று லாச்சிகள். பின்பலகையில் வெள்ளைப் பூச்சினால் எழுதிப் பாதி அழிந்துபோன சில எழுத்துக்களும் ஓர் இலக்கமும். அறுபது ஆண்டுகளுக்கு மேலாக அவ்வெழுத்துக்களை எவரும் பொருட்படுத்தியதில்லை. அவ்வாசிகசாலையின் செயலாளனாகப் பல்லாண்டு இருந்துவரும் நானும் பொருட்படுத்தியதில்லை.

சென்ற ஆண்டு ஆவணி மாதத்திலே என் தமக்கையின் மகன் பாரிஸ் மாநகரிலிருந்து ஊருக்கு வந்திருந்தான். அங்கே பழைய தளபாடங்களைப் பொதிசெய்து அனுப்பும் நிறுவனமொன்றில் அவனுக்கு வேலை. என்னைப் பார்க்க வாசிகசாலைக்கு வந்தவன் என்னைப் பார்த்ததிலும் மேசையைப் பார்த்ததே அதிகம். முழந்தாளிட்டுக் கால்களைத் தடவினான். பின்பலகையின் எழுத்துக்களை விளக்குப் பிடித்துப் படித்தான். மாமா, இஃது எங்கிருந்து வந்தது என்று கேட்டான். என் தந்தையார் வாங்கிக் கொடுத்தது என்றேன். இத்தகைய சாய்ந்த கால்களும் இவ்வாறு எழுதிய எழுத்துக்களும் உள்ள மேசைகளைத் தன் கையாலேயே பொதிசெய்திருப்பதாகவும், அவை இந்தியாவிலே சண்டிகார் நகருக்காகப் பியர் ஜன்னரே என்பவர் வரைந்தவை என்றும், ஏலக்கூடத்தில் ஒவ்வொன்றும் இலட்சக்கணக்கான ரூபாய் பெறும் என்றும் அவன் சொன்னான்.

மாரி தொடங்கினால் எங்கள் வாசிகசாலையின் கூரை மூன்று இடங்களில் ஒழுகும். நூல் அலுமாரிகளைச் சுவரை விட்டு நகர்த்திச் சாக்கினால் மூடிவைப்பது எங்கள் வழக்கம். மருமகன் சொன்ன விலையைக் கேட்டதும் என் கண்கள் மேசையை விட்டுக் கூரைக்குச் சென்றன என்பதை மறைக்க மாட்டேன்.

எனினும் ஒரு பொருளை விற்பதற்கு முன்னர் அதனைச் செய்தவர் யாவர் என்று அறிவது முறையன்றோ? அந்த எண்ணத்தோடு தேடத் தொடங்கினேன். மேசையை அறியப் புகுந்தவன் ஒரு மனிதரை அறிந்தேன். அவருடைய வரலாற்றையே இங்கே சொல்லப் புகுகின்றேன். மேசையின் கதை அதனுள் அடங்கும்.

தமையனின் நிழல்

பியர் ஜன்னரே 1896ஆம் ஆண்டு மார்ச் 22ஆம் நாள் சுவிற்சர்லாந்தின் ஜெனீவா நகரிலே பிறந்தார். அந்நகரின் கவின்கலைக் கல்லூரியிற் பயின்று, பின்னர் பாரிஸ் சென்று, கொங்கிறீற்றுக் கட்டடக் கலையில் முன்னோடிகளாய் விளங்கிய பெரே சகோதரர்களிடம் சிறிது காலம் பணிபுரிந்தார். அந்நகரிலேதான் அவருடைய வாழ்க்கையின் போக்கை வகுத்த உறவு அவரை வந்தடைந்தது. குடும்பத்தில் அவருக்குத் தமையன் முறையினரான சார்ல்ஸ் எடுவார் ஜன்னரே என்பவர் அங்கே வாழ்ந்துவந்தார். 1887இற் பிறந்த அவர் 1920 முதல் வேறொரு பெயரால் எழுதத் தொடங்கியிருந்தார். அப்பெயரே லெ கொபூசியே. இருபதாம் நூற்றாண்டின் கட்டடக் கலையை அறிந்தோர் அப்பெயரை அறியாதிருக்க முடியாது.

1922இல் இருவரும் ஒன்றாகத் தொழில் நடத்தத் தொடங்கினர். பின்னர் பாரிஸில் செவ்ர் வீதியின் 35ஆம் இலக்கத்தில், பழைய துறவிமடம் ஒன்றின் நீண்ட நடையிலே அவர்களுடைய கந்தோர் அமைந்தது. தமையனார் பேச்சிலும் எழுத்திலும் வல்லவர், சபையேறி வாதிடுவார், நூல்மேல் நூலாக எழுதுவார், நாடு நாடாகச் செல்வார். தம்பியாரோ வரைபலகையை விட்டு அகலாதவர். தமையனார் வேகமாக வரைந்துதரும் கோட்டைச் சுவராகவும் சாளரமாகவும் படியாகவும் ஆக்கும் வேலை அவருடையது. எத்தனை அங்குல இடைவெளி, எந்தத் திருகாணி, மழைநீர் எவ்வழியே வடியும் என்பவற்றை நினைத்துப் பார்ப்பவர் ஒருவர் இல்லாவிடின் எந்தக் கட்டடமும் காகிதத்திலேயே நின்றுவிடும்.

பாரிஸை அடுத்த புவாசியில் 1928 முதல் 1931 வரை எழுந்த சவோய் மாளிகை இவ்விருவருடைய கூட்டு வேலையின் சிகரம். மெல்லிய தூண்களின்மேல் வீட்டை உயர்த்துதல், கூரையிலே தோட்டம் அமைத்தல், பாரந்தாங்கும் சுவர்களை நீக்கி உள்ளிடத்தை விருப்பம்போல் வகுத்தல், முகப்பைத் தூண்களினின்றும் விடுவித்தல், நீண்ட கிடைச் சாளரங்கள் என்னும் ஐந்து கொள்கைகளும் அதிலே கண்கூடாக விளங்கின. அக்காலத்து வரைபடங்களில் இருவர் பெயரும் உண்டு. உலகமோ ஒரு பெயரையே நினைவில் வைத்துக்கொண்டது.

1927இல் சார்லொத் பெரியான் என்னும் இளம்பெண் அக்கந்தோரிற் சேர்ந்தார். மூவரும் உருக்குக் குழாயினாற் செய்த கதிரைகளும் மேசைகளும் 1929இல் பாரிஸ் இலையுதிர்காலக் கண்காட்சியில் வைக்கப்பட்டுப் பெரும்பேச்சுக்கு உள்ளாயின. அங்கும் அதே கதைதான். மூவர் சேர்ந்து செய்தவை நெடுங்காலம் ஒருவர் பெயராலேயே வழங்கின. இதனைப் பற்றிப் பியர் ஜன்னரே வழக்கிட்டதாகவோ மேடையேறிப் பேசியதாகவோ செய்தி இல்லை. பெயரைத் தேடி ஓடும் இயல்பு அவரிடம் இருந்ததில்லை.

1940இல் ஜெர்மானியப் படைகள் பிரான்சைக் கைப்பற்றியபோது இருவரும் பிரிந்தனர். தமையனார் விஷி நகரில் அமைந்த அரசின் ஆதரவை நாடிச் சென்றார். தம்பியார் கிரனோபிள் நகருக்குச் சென்று, ஆக்கிரமிப்பை எதிர்த்து மறைவாக இயங்கியவர்களோடு சேர்ந்தார். இருபது ஆண்டு நெருங்கிய உறவு ஏறத்தாழப் பத்தாண்டு அற்றுப்போயிற்று. அமைதியானவர் கோழை அல்லர் என்பதற்கு இந்நிகழ்ச்சி ஒன்றே போதும். கிரனோபிளில் இருந்த காலத்தில், உலோக வேலையிற் பெயர்பெற்ற ஜான் புரூவேயுடன் கூடி, விரைவிற் பொருத்தக்கூடிய வீடுகளைப் பற்றி ஆராய்ந்தார். போர் முடிந்தபின் அமெரிக்காவின் நோல் நிறுவனத்திற்காக அவர் வரைந்த கதிரை ஒன்றில் மரக்கால்கள் கத்தரிக்கோல்போல் ஒன்றையொன்று குறுக்கிட்டு நிற்கும். சாய்ந்த கால்களின்மேல் அவருக்கிருந்த விருப்பம் சண்டிகார் செல்வதற்கு முன்னரே தோன்றிவிட்டது.

சிவாலிக் மலையடிவாரம்

1947ஆம் ஆண்டுப் பிரிவினையால் பஞ்சாப் இரண்டாயிற்று. அதன் தலைநகரான லாகூர் பாகிஸ்தானுக்குச் சென்றது. வீடிழந்து வந்த மக்களுக்கும் தலைநகரிழந்த மாகாணத்திற்கும் புதியதொரு நகரம் வேண்டியிருந்தது. சிவாலிக் மலையடிவாரத்தில் இடம் தெரிந்தெடுக்கப்பட்டது. முதலிற் பணியேற்ற அமெரிக்கர் அல்பேட் மேயரின் துணைவரான மத்தேயு நோவிச்கி 1950இல் விமான விபத்தில் இறந்தார். அதன்பின் பஞ்சாபின் உயர் அதிகாரியான தாப்பரும் தலைமைப் பொறியியலாளரான வர்மாவும் ஐரோப்பா சென்று வேறு கலைஞரைத் தேடினர். இலண்டனில் மாக்ஸ்வெல் பிரையும் அவர் மனைவி ஜேன் துரூவும் இசைந்தனர். லெ கொபூசியேயும் இசைந்தார். ஆனால் அவர் இந்தியாவிலே தங்கமாட்டார். ஆண்டுக்கு இருமுறை வந்து போவார் என்பது ஏற்பாடு. அவ்வாறாயின் நாள்தோறும் வெயிலில் நின்று வேலையை நடத்துபவர் யார்? பத்தாண்டுப் பிரிவை மறந்து தமையனார் தம்பியாரை அழைத்தார். தம்பியார் மறுக்கவில்லை.

1951இல் பியர் ஜன்னரே சண்டிகாருக்கு வந்தார். பிரையும் துரூவும் மூன்றாண்டு பணிபுரிந்து திரும்பினர். தமையனார் வந்துவந்து போனார். ஜன்னரே மட்டும் தங்கினார். 1965 வரை, பதினான்கு ஆண்டு தங்கினார். பஞ்சாப் அரசின் தலைமைக் கட்டடக் கலைஞராகவும் பணியாற்றினார்.

சண்டிகார் என்றதும் உயர்நீதிமன்றமும் செயலகமும் சட்டசபையும் நம் கண்முன் வருகின்றன. அவை லெ கொபூசியேயின் பெரும் படைப்புக்கள். 2016இல் உலக மரபுச் சின்னங்களாக ஏற்கப்பட்டவை. ஆயின் ஒரு நகரம் மூன்று பெருங்கட்டடங்களால் ஆவதன்று. எழுதுவினைஞர் குடியிருக்க வீடு வேண்டும், ஏவலாளருக்கு வீடு வேண்டும், பள்ளிக்கூடம் வேண்டும், வைத்தியசாலை வேண்டும், கடைத்தெரு வேண்டும். அவற்றிலே பெரும்பகுதி ஜன்னரேயின் கையிலும் அவரோடு உழைத்த இந்திய இளைஞர் கையிலும் உருவாயிற்று. பணம் குறைவு, இயந்திரம் குறைவு, உருக்கு அரிது. மலிவாகக் கிடைத்தது செங்கல். செங்கல்லாலேயே வெயில் தடுக்கும் துளைச்சுவர் எழுப்பினார். மிகக் குறைந்த சம்பளம் பெறுபவன் வீட்டிலும் காற்றும் நிழலும் சிறுமுற்றமும் இருத்தல் வேண்டும் என்பது அவர் கொள்கை. பஞ்சாப் பல்கலைக்கழகத்தில், நீரின் நடுவே மலர்போல் நிற்கும் காந்தி பவனமும் அவர் வரைந்ததே.

பெயர் எழுதாத கதிரைகள்

கட்டடங்கள் எழுந்தபின் மற்றொரு தேவை தலைகாட்டிற்று. ஓர் அரசு முழுவதும் புதிய கட்டடங்களுக்குள் குடிபுகுகின்றது. நீதிபதிக்குக் கதிரை வேண்டும்; எழுதுவினைஞருக்கு மேசை வேண்டும்; நூலகத்திற்கு நீண்ட மேசைகள் வேண்டும்; மாணவர் விடுதிக்குக் கட்டில் வேண்டும். ஆயிரக்கணக்கில் வேண்டும், விரைவாக வேண்டும், மலிவாகவும் வேண்டும்.

ஜன்னரேயும் அவருடைய குழுவினரும் இதற்குக் கண்ட வழி மிக எளியது. மரம் பெரும்பாலும் தேக்கு. கறையானையும் ஈரத்தையும் தாங்கவல்லது. இருக்கைக்கும் முதுகுக்கும் பிரம்புப் பின்னல். அது காற்றை விடும், கிழிந்தால் ஊரிலேயே மீண்டும் பின்னிக்கொள்ளலாம். கால்கள் கவராயத்தின் இரு கைகள்போல மேலே கூடிக் கீழே விரிந்தவை. குறைந்த மரத்தில் நிறைந்த உறுதி தருபவை. வளைவு நெளிவு இல்லை. செதுக்கு வேலை இல்லை. உளியும் வாளும் சீவுளியும் உள்ள எந்தத் தச்சரும் வரைபடத்தைப் பார்த்துச் செய்துவிடலாம்.

வரைபடங்கள் பல பட்டறைகளுக்குக் கொடுக்கப்பட்டன. ஒவ்வொரு பட்டறையும் தன் கைப்பழக்கத்தின்படி செய்தது. ஆதலின் ஒரே வரைபடத்திலிருந்து பிறந்த இரண்டு கதிரைகள் முற்றிலும் ஒத்திருப்பதில்லை. ஒன்றின் கைப்பிடி சற்றுத் தடித்திருக்கும். மற்றொன்றின் கால் சற்றுக் கூடுதலாகச் சாய்ந்திருக்கும். வரைந்தவரும் ஒருவர் அல்லர். குழுவிலிருந்த யூலி சௌத்ரி என்னும் பெண் கட்டடக் கலைஞருக்கு அத்தளபாடங்களில் பெரும்பங்கு உண்டு. எந்தப் பொருளிலும் ஜன்னரேயின் கையொப்பம் இல்லை. பின்பலகையிலும் கால்களிலும் எழுதப்பட்ட எழுத்தும் இலக்கமும் செய்தவரைக் குறிப்பன அல்ல; எந்தக் கந்தோருக்கு, எந்தப் பிரிவுக்கு உரியது என்று அரசு இட்ட கணக்குக் குறிகள்.

இதே காலத்தில் நம் இலங்கையிலும் இத்தகைய எண்ணம் முளைத்திருந்ததை நினைவுகூர்தல் தகும். லெ கொபூசியேயின் நண்பரும், 1948இல் பிரித்தானியக் கட்டடக் கலைஞர் கழகத்தில் இடம்பெற்ற முதல் ஆசியப் பெண்ணுமான மினெற் டி சில்வா, கண்டியில் தாம் கட்டிய வீடுகளிலே உள்ளூர் நெசவாளரையும் அரக்கு வேலைக்காரரையும் குயவரையும் ஈடுபடுத்தினார். புதுமை வெளியிலிருந்து வரலாம். அதை நிலைக்கச் செய்வது உள்ளூர்க் கையே என்பதை இவ்விருவரும் உணர்ந்திருந்தனர்.

ஜன்னரேயின் சொந்த வாழ்க்கையும் அக்கதிரைகளைப் போன்றதே. 1954 முதல் சண்டிகாரின் ஐந்தாம் பிரிவில், தாமே வரைந்த செங்கல் வீட்டில் எளிமையாக வாழ்ந்தார். மூங்கில், கயிறு, கட்டட வேலையில் மிஞ்சிய இரும்புக் கம்பி ஆகியவற்றைக் கொண்டு தமக்கு வேண்டிய இருக்கைகளைத் தாமே செய்துகொண்டார். 1958இல் மலையோடை ஒன்றை மறித்துச் சுக்னா ஏரி உண்டாக்கப்பட்டது. அந்த ஏரியின்மேல் அவருக்கிருந்த பற்று பெரிது. அதிலே ஓட்டுவதற்கெனப் படகுகளும் வரைந்தார்.

1965 ஆகஸ்ட் 27ஆம் நாள் லெ கொபூசியே மத்தியதரைக் கடலில் நீந்துகையில் இறந்தார். அவ்வாண்டிலேயே, உடல்நலம் குன்றிய ஜன்னரே சண்டிகாரை விட்டு நீங்கினார். 1967 டிசம்பர் 4ஆம் நாள் தாம் பிறந்த ஜெனீவாவிலே கண்மூடினார். தம் சாம்பலைச் சுக்னா ஏரியிற் கரைக்கவேண்டும் என்பது அவர் விருப்பம். 1970இல் அவர் உடன்பிறந்தார் மகள் ஜாக்குலின் அச்சாம்பலைக் கொண்டுவந்து அவ்வேரியிற் கரைத்தார். பிறந்த மண்ணிலே இறந்தவர், உழைத்த மண்ணிலே கலந்தார்.

குப்பையிலிருந்து ஏலக்கூடத்திற்கு

அதன்பின் நிகழ்ந்தது வியப்பும் வருத்தமும் ஒருங்கே தருவது. ஆண்டுகள் செல்லச்செல்லக் கந்தோர்களில் இரும்பு மேசைகளும் மெத்தைக் கதிரைகளும் வந்தன. தேக்குத் தளபாடங்கள் கூரைமேலும் பின்முற்றத்திலும் மழையில் நனைந்து குவிந்தன. கழிவுப் பொருளென்று மிகச் சொற்ப விலைக்கு ஏலம் விடப்பட்டன. 1990களின் இறுதியிலிருந்து ஐரோப்பிய வணிகர் சிலர் அவற்றை வாங்கிச் சென்று, கழுவி, மெருகிட்டு, புதுப்பிரம்பு பின்னி, ஜன்னரேயின் பெயரைச் சூட்டி விற்றனர். பாரிஸிலும் இலண்டனிலும் நியூயோர்க்கிலும் விலை மேன்மேலும் ஏறியது. சண்டிகார் மக்கள் விழித்துக்கொண்டபோது பெரும்பகுதி கடல் கடந்துவிட்டது. 2011இல் இந்திய உள்துறை அமைச்சு அப்பொருள்களின் விற்பனையைத் தடைசெய்தது. எஞ்சியிருந்த 12,000க்கும் மேற்பட்ட பொருள்கள் எண்ணிப் பதியப்பட்டன. 2017இல் ஜன்னரே வாழ்ந்த வீடு அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டது.

விலை ஏறிய பொருளுக்குப் போலி தோன்றுதல் இயல்பு. எழுத்தும் இலக்கமும் எவரும் எழுதிவிடக் கூடியவை. புதிய மரத்தைப் பழையதாகக் காட்டவும் வழியுண்டு. ஆதலின் இத்தகைய பொருளை ஆராய்பவர் எழுத்தை மட்டும் நம்புவதில்லை. நான்கு சாட்சிகளை விசாரிக்கின்றனர். முதலாவது மரம்: எந்த மரம், அடிப்பக்கத்திலும் லாச்சியின் உட்புறத்திலும் எவ்வாறு முதிர்ந்துள்ளது? இரண்டாவது பொருத்து: கையால் வெட்டியதா, இயந்திரம் வெட்டியதா, திருகாணியின் தலை அக்காலத்ததா? மூன்றாவது குறி: அது அந்நிறுவனத்தின் பிற பொருள்களிலுள்ள குறியோடு ஒத்துள்ளதா? நான்காவது வந்த வழி: எவரிடமிருந்து எவரிடம், எந்த ஆண்டில், எந்தப் பத்திரத்தோடு வந்தது? ஜன்னரேயின் வரைபடங்கள் பல இன்று கனடாவின் மொன்றியால் நகரிலுள்ள கட்டடக் கலை மையத்திற் பேணப்படுகின்றன. அவற்றோடு ஒப்பிடுதலும் ஒரு வழி. நான்கு சாட்சியும் ஒரே சொல்லைச் சொன்னாலன்றித் தீர்ப்பு வழங்கலாகாது.

எங்கள் மேசையின் வழக்கு

இந்த நான்கு சாட்சிகளையும் நான் எங்கள் மேசைக்கும் அழைத்தேன்.

வந்த வழியை நானே அறிவேன். என் தந்தையார் இத்துறைமுகத்தின் பிரித்தானியக் கடற்படைக் கந்தோரில் எழுதுவினைஞராக இருந்தவர். 1957 ஒக்ரோபரில் அத்தளம் இலங்கை அரசின் கைக்கு மாறியது. அவ்வேளையில் விற்கப்பட்ட பழைய தளபாடங்களுள் ஒன்றாக இம்மேசையை அவர் வாங்கினார். வாங்கி, வாசிகசாலைக்குக் கொடுத்தார். கொடுத்த ஆண்டு எங்கள் பொருட்பதிவேட்டில் உள்ளது. 1957இல் சண்டிகாரின் மேசைகள் புத்தம்புதியன. கந்தோர்களிலே எழுதுவினைஞர் முன் இருந்தன. கழிக்கப்படாத மேசை கடல் கடந்து இங்கே பழைய பொருளாக வந்திருத்தல் எங்ஙனம்? முதற் சாட்சியே வழக்கைப் பாதி முடித்துவிட்டது.

குறியை அடுத்துப் பார்த்தேன். கீழ் லாச்சியைக் கழற்றிக் கவிழ்த்தபோது, அடிப்பலகையில் சூடிட்டாற்போல் ஓர் அம்புக்குறி தெரிந்தது. மூன்று கோடுகள் ஒரு முனையிற் கூடும் அவ்வம்பு பிரித்தானிய அரசின் உடைமைக்கு நெடுங்காலமாக இடப்பட்டுவந்த அடையாளம். பின்பலகையின் வெள்ளை எழுத்துக்களும் அவ்வாறே கடற்படைக் கந்தோரின் கணக்கு இலக்கமாதல் வேண்டும்.

மரத்தையும் பொருத்தையும் அறியும் கண் எனக்கில்லை. கொட்டியாரக் குடாவிற்குத் தெற்கே இலங்கைத்துறையிலிருந்து முதிய ஓடாவி ஒருவரை அழைத்துவந்தேன். வள்ளம் கட்டுவதிலேயே ஆயுளைக் கழித்தவர் அவர். லாச்சியைக் கையில் ஏந்திக் கனம் பார்த்தார். அடியில் நகத்தாற் கீறினார். தேக்கன்று, சவண்டலை என்றார். சிங்களர் ஹல்மில்ல என்பதும் இம்மரத்தையே. ஆங்கிலேயர் மரநூல்களில் இதற்குத் திருகோணமலை மரம் என்றே பெயர். நேரான நார் உடையது. வளைந்து கொடுத்து முறியாது நிற்பது. ஒருகாலத்தில் இவ்வூர்த் துறையிலிருந்து சென்னைக்குக் கப்பலேறி, அக்கரையின் பேரலைகளைக் கடக்கும் மசூலாப் படகுகளுக்குப் பயன்பட்டது. கால்கள் மேற்பலகையைச் சேரும் இடத்தை அவர் நெடுநேரம் பார்த்திருந்தார். அங்கே இரும்பாணி இல்லை; மரமுளையே இறுக்கியிருந்தது. இது கந்தோர்த் தச்சர் வேலை அன்று, வள்ளத் தச்சர் வேலை என்றும், அசையும் தளத்தில் நிற்கவேண்டிய பொருளுக்குக் காலை அகட்டி வைப்பது தங்கள் தொழிலில் உள்ளதென்றும் சொன்னார்.

ஆகவே எங்கள் மேசை சண்டிகாரில் பிறந்ததன்று. இவ்வூர்க் காட்டு மரத்தில், இவ்வூர்த் துறைமுகப் பட்டறையில், கடலறிந்த தச்சர் ஒருவர் செய்தது. ஜன்னரே கண்ட சாய்ந்த காலை அவரும் கண்டிருக்கின்றார், தம் தொழிலின் தேவையிலிருந்து.

மருமகனுக்கு இதனை எழுதினேன். அவன் அதற்குள் ஒரு வணிகரிடம் படங்களைக் காட்டியிருந்தான். அவ்வணிகருக்கு மரமும் அம்புக்குறியும் பெரிய தடையாகத் தோன்றவில்லை. மேசை வட இந்தியாவிலிருந்து வந்ததென்று வாசிகசாலைச் செயலாளர் ஒரு கடிதம் எழுதிக் கையொப்பமிட்டாற் போதும். அம்புக்குறி உள்ள பலகையை மாற்றிக்கொள்ளலாம் என்று சொல்லியனுப்பினார். கடிதத்திற்கு ஈடாகக் கிடைக்கும் பணம் கூரை முழுவதையும் மாற்றுவதற்குப் போதும்; நூல் வாங்கவும் மிஞ்சும்.

இரண்டு இரவு உறக்கமின்றிக் கழித்தேன் என்பது மிகையன்று. ஒரு கையொப்பத்தினால் எவருக்கு என்ன தீங்கு என்று மனம் வாதிட்டது. செல்வர் ஒருவர் வீட்டுக்கு ஒரு மேசை; ஏழை மாணவருக்கு ஒழுகாத கூரை. ஆனால் ஜன்னரேயின் வரலாற்றை அறிந்தபின் அந்தக் கடிதத்தை எழுத என் கை எழவில்லை. வாழ்நாள் முழுவதும் தம் உழைப்பு மற்றொருவர் பெயரால் வழங்கக் கண்டு வாளாவிருந்தவர் அவர். இறந்தபின்போ, பிறர் கைகளால் ஆன பொருள்களுக்கெல்லாம் அவர் பெயரே விலையாக ஒட்டப்படுகின்றது. அவருக்கு இழைக்கப்பட்ட குறையையே அவர் பெயரால் எங்கள் ஊர்த் தச்சருக்கு நான் இழைப்பதா? அத்தச்சருக்கு உலகில் எஞ்சியிருக்கும் சாட்சி இந்த ஒரு மேசையே. அதையும் பொய்ச்சாட்சி ஆக்கினால் அவர் இருந்தார் என்பதே இல்லாமற் போகும்.

மாட்டேன் என்று மருமகனுக்கு அறிவித்தேன். அவன் சிறிது வருந்தினான், கோபிக்கவில்லை. அடுத்த மாதம் தன் சம்பளத்திலிருந்து ஒரு தொகை அனுப்பினான். ஊரவரிடமும் பணம் திரட்டினோம். கூரையின் வடபாதி ஓடு மாற்றப்பட்டது. தென்பாதி இன்னும் ஒழுகுகின்றது. மேசையை வடபாதிக்கு நகர்த்தியிருக்கின்றோம்.

மேசையின் மேல் இப்பொழுது ஒரு சிறு அட்டை உண்டு. மரம் சவண்டலை, செய்த இடம் திருகோணமலைத் துறைமுகம், காலம் 1957க்கு முன், செய்தவர் பெயர் தெரியாது என்று அதிலே எழுதியிருக்கின்றேன். படிக்க வரும் மாணவர் சிலர் அந்த அட்டையைப் பார்த்துவிட்டு ஜன்னரேயைப் பற்றிக் கேட்கத் தொடங்கியுள்ளனர். அந்த வள்ளத் தச்சர் யாராயிருப்பார் என்று தங்கள் பாட்டன்மாரைக் கேட்கவும் தொடங்கியுள்ளனர்.